உளுந்துக்குப் பாசிப்பயறின் பெயர் வந்த கதை



உளுந்தின் அறிவியல் பெயர் விக்னா மங்கோ என்று போன பதிவில் எழுதியிருந்தேன். பழைய மாணவர் ஒருவர் உடனே, "சார், நம்ம பாடப்புத்தகத்துல ஃபேசியோலஸ் மங்கோன்னுதானே இருந்தது? எது சரி?" என்று கேட்டுவிட்டார். நல்ல கேள்வி. இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்தார். பீன்ஸை ஃபேசியோலஸ் என்ற பேரினத்தில் சேர்த்து, அதன் தாயகம் இந்தியா என்று எழுதினார். நம் பாசிப்பயறும் அதே பேரினத்தில் ஃபேசியோலஸ் ரேடியேடஸ் ஆனது. காய்கள் ஒரு புள்ளியிலிருந்து சூரியக் கதிர் மாதிரி விரிந்து நிற்பதால் ரேடியேடஸ்.

1767-ல் இன்னொரு செடிக்கு ஃபேசியோலஸ் மங்கோ என்று பெயர் வைத்தார். இந்தியில் மூங் என்றால் பாசிப்பயறு. ஆனால் அவர் மங்கோ என்று பெயர் சூட்டிய செடியோ உளுந்து! அண்ணன் பெயரைத் தம்பிக்கு வைத்த கதைதான்.

குழப்பம் அதோடு நிற்கவில்லை. ஆங்கிலேயர் காலத்து ஏடுகளில் மங்கோ என்றால் பாசிப்பயறு, ரேடியேடஸ் என்றால் உளுந்து. லின்னேயஸ் வைத்ததற்கு நேர் எதிர். போதாததற்குப் பாசிப்பயறுக்கு ஃபேசியோலஸ் ஆரியஸ் என்று மூன்றாவதாக ஒரு பெயரும் புழக்கத்தில் இருந்தது. பழைய வேளாண் நூல் எதையாவது படிக்கும்போது பெயரை மட்டும் நம்பாதீர்கள். செடியைப் பற்றி எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இத்தனைக்கும் நம் விவசாயிகளுக்கு இதில் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. உளுந்தங்காய் மேல்நோக்கி நிற்கும், நீளமான ரோமம் இருக்கும். பாசிக்காய் பக்கவாட்டில் விரியும், அல்லது தொங்கும். ரோமம் குட்டையாக இருக்கும். உளுந்துப் பூ நல்ல மஞ்சள், பாசிப் பூ வெளிர் மஞ்சள். விதையின் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. கறுப்புத் தோல் பாசியும் உண்டு, பச்சைத் தோல் உளுந்தும் உண்டு. விதையின் கண்ணைப் பாருங்கள். உளுந்தில் அதன் விளிம்பு மேடாகவும் நடுவில் குழிவாகவும் இருக்கும். பாசியில் தட்டையாக இருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பேரினத்தில் இருந்தது. பீன்ஸின் தாயகம் இந்தியா இல்லை, அமெரிக்கக் கண்டம். பெரு நாட்டில் ஆங்கோன் என்ற இடத்துப் பழைய கல்லறைகளில் கிடைத்த விதைகளைப் பீன்ஸ் என்று ஜெர்மானியத் தாவரவியலாளர் விட்மாக் 1880-வாக்கில் அடையாளம் காட்டினார். ராஜ்மாவும் டபுள் பீன்ஸும்கூட அந்தப் பக்கத்துச் சரக்குதான். கொலம்பஸுக்குப் பிறகே இவையெல்லாம் கடல் தாண்டி வந்தன. உளுந்தும் பாசியும் இந்த மண்ணில் பிறந்தவை. அவற்றின் காட்டு மூதாதைகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் முளைக்கின்றன. இரண்டு கண்டத்துப் பயறுகளையும் ஒரே பேரினத்தில் போட்டதில் இந்த வரலாறு மறைந்துபோனது.

பிரிக்க உதவியது பூ. அவரைக் குடும்பத்துப் பூவில் கீழே இரண்டு இதழ்கள் சேர்ந்து படகு மாதிரி இருக்கும். பீன்ஸில் அந்தப் படகின் முனை நத்தை ஓடு போல முழுச் சுற்றுக்கும் மேல் சுருண்டிருக்கும். உளுந்திலும் பாசியிலும் வளைந்திருக்குமே தவிர, அப்படிச் சுருளாது. இடது படகு இதழில் கொம்பு போல ஒரு சின்னப் பையும் இருக்கும். இலைக்காம்பின் அடியில் உள்ள செதில், இவற்றில் ஒட்டிய இடத்துக்குக் கீழேயும் நீளும். பீன்ஸில் நீளாது. பீன்ஸ் இலையில் கொக்கி ரோமங்கள் உண்டு. பால்கன் நாடுகளில் இரவில் அந்த இலைகளைத் தரையில் பரப்பி மூட்டைப்பூச்சி பிடித்தார்கள் என்றால் கொக்கியின் பிடியைப் புரிந்துகொள்ளலாம்! விக்னாவில் அந்தக் கொக்கி இல்லை.

விக்னா என்ற பேரினத்தை 1824-லேயே இத்தாலியின் சாவி உண்டாக்கியிருந்தார். பீசா தாவரவியல் தோட்டத்தை நடத்திய தொமினிகோ விக்னாவின் நினைவாக வைத்த பெயர் அது. பாசியை 1954-ல் வில்செக்கும், உளுந்தை 1956-ல் ஹெப்பரும் அதற்குள் கொண்டுவந்தார்கள். 1970-ல் வெர்ட்கோர்ட் இரண்டு பேரினங்களுக்கும் எல்லையைத் தெளிவாக வகுத்தார். வேடிக்கை என்னவென்றால், இவர்கள் எழுதிக்கொண்டிருந்தது ஆப்பிரிக்கத் தாவரங்களைப் பற்றி. ஆப்பிரிக்காவில் பிறந்த நம் தட்டைப்பயறும் (காராமணி) விக்னாதான்.

சரி, பேரினம் மாறியபோது 'மங்கோ'வையும் திருத்தியிருக்கலாமே? முடியாது. முதலில் முறைப்படி வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடும் விதி. பொருத்தமில்லை என்பதற்காக அதை மாற்றினால், ஆளுக்கொரு பெயர் வைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் உளுந்து இன்றும் மூங்கின் பெயரைச் சுமக்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் வந்தால் உளுந்து வயலே மஞ்சளாகிவிடும். நோயைத் தாங்கும் குணத்தை உளுந்துக்குள் கொண்டுவர, அதோடு இனம் சேரும் சொந்தக்காரர்களைத்தான் தேட வேண்டும். பாசியும் அதன் காட்டு உறவுகளும் சேரும், பீன்ஸ் சேராது. யார் யாருக்கு உறவு என்று சரியாக எழுதி வைத்தால்தான் தேடுகிறவன் சரியான வீட்டுக் கதவைத் தட்டுவான்.

ஆக, தம்பி, நீ படித்ததும் இப்போது நான் எழுதியதும் ஒரே செடிதான். இன்றைக்குச் சரியான பெயர் விக்னா மங்கோ. வீட்டில் முழு உளுந்தும் பாசிப்பயறும் இருந்தால், பேரப்பிள்ளைகள் கையில் ஒரு பூதக்கண்ணாடி கொடுத்து இரண்டின் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். என்ன தெரிந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.