கட்டு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து நகரத்தார் வீடுகளில் முகப்பைத் தாண்டினால் வளவு. அதற்கப்பால் இரண்டாங்கட்டு, அடுப்படி. 'கட்டு' இங்கே வீட்டின் ஒரு பகுதி. பிணித்தலையும் எழுப்புதலையும் குறிக்கும் 'கட்டுதல்' என்ற வினையிலிருந்து வந்த பெயர்.

வன்தட்டின் 'பார்ட்டிஷ'னுக்கு நாம் எழுதும் 'பகிர்வு', கோப்பைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் வந்து குழப்புகிறது. அதற்குப் பதில் 'கட்டு' என்றால் தெளிவு: ஒரே கூரை, தனித்தனி எல்லை.

நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் ஓப்பன்என்எம்எஸ் போன்ற மென்பொருள் ஓடும் சர்வரில் இந்த எல்லை மிக அவசியம். லாக் கோப்புகள் நாளும் பெருகும். இயங்குதளத்தோடு ஒரே கட்டில் கிடந்தால், அது நிரம்பிய அன்று சர்வரே முடங்கலாம். அந்த மென்பொருள் பயன்படுத்தும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கும் தனிக் கட்டு நல்லது. அளவீடுகளைச் சேமிக்கும் ஆர்.ஆர்.டி. கோப்புகளின் குணம் வேறு. உருவாகும்போதே முழு அளவை எடுத்துக்கொள்ளும். பிறகு வளராது, பழைய அளவீட்டின்மேல் புதியது எழுதப்படும். எத்தனை கருவிகள், ஒவ்வொன்றிலும் எத்தனை அளவீடுகள், எவ்வளவு காலம் என்று கணக்கிட்டால் அவற்றுக்கான கட்டின் அளவு முன்பே தெரிந்துவிடும்.

லாக் கோப்புகளுக்கு அந்த வரம்பு தானாக வராது. அதனால், வன்தட்டை நெகிழ்வாகப் பிரிக்கும் எல்.வி.எம். முறையில் கொஞ்சம் இடத்தை எந்தக் கட்டுக்கும் ஒதுக்காமல் வையுங்கள். தேவைப்படும் கட்டைப் பின்னர் நீட்டிக்கொள்ளலாம்.