மாண்டாரும் மீண்டாரும்

கனடாவின் சஸ்காச்சுவான், கோதுமை விளையும் உழவர் மாகாணம். போரில் உயிர்நீத்த தன் மைந்தர் பெயர்களை அது ஏரி, தீவு, விரிகுடா முதலியவற்றிற்குச் சூட்டியுள்ளது. இத்தகையன 4,000-க்கு மேற்பட்டன. மாண்டார் பெயரை நிலம் தாங்கிற்று. மீண்டார் நிலை யாதென நோக்குவோம்.

1942-ஆம் ஆண்டுப் படைவீரர் நிலச்சட்டத்தின்படி, இரண்டாம் உலகப்போரினின்று மீண்ட வீரர் நிலமும் கருவியும் வாங்க 6,000 டாலர் வரை கடன் பெற்றனர். தொல்குடியினர்க்கென ஒதுக்கிய நிலத்தில் வாழ்ந்த வீரர்க்கோ 2,320 டாலர் வரையிலான மானியமே கிட்டியது. அதுவும் அரசு அலுவலர் வழியாகவே. 2002-இல் கனடிய அரசு ஈடு வழங்க முன்வந்தபோது அவருட் பலர் மறைந்துவிட்டனர்.

மாண்டாரைப் போற்றுதல் எளிது. மீண்டாரை ஒப்ப நடத்துதலே நினைவுகூர்தலின் உரைகல் என்பது எம் துணிபு.