மண்ணின் சாட்சியம்

"சேர், நம்மட மூத்தவங்க இஞ்சதான் இருந்தாங்கண்டா, ஏன் மண்ணுக்குள்ள ஒண்டுமே கிடைக்கல்ல?"

மாந்தைத் துறைமுக அகழ்வுகள் பற்றிய பாடத்தின்போது, ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் கேட்டான். பாலமுனையில் பிறந்து பாலமுனையிலேயே படிப்பிக்கும் எனக்கு அது சாதாரணக் கேள்வியாகப் படவில்லை. இக்கரையோரத்தில் காணியும் வரலாறும் ஒன்றாகவே விவாதிக்கப்படுகின்றன.

மண் எல்லாவற்றையும் ஒரேவிதமாகப் பாதுகாப்பதில்லை. எலும்புக்கு உறுதி தருவது கல்சியம். அமிலத்தன்மையுள்ள மண்ணில் அது கரைந்துவிடும். சுண்ணாம்பு நிறைந்த மண்ணில் நிலைக்கும். அம்பாந்தோட்டை மாவட்டத்துப் பல்லேமலலவில் கற்கால மனிதரின் எலும்புக்கூடுகள் கிடைத்தது சிப்பி மேட்டுக்குள்தான். மரத்துக்கு வேண்டியது காற்றுப் புகாத ஈரச்சேறு. கேரளத்தின் பட்டணத்தில் 2007இல் தொடங்கிய அகழாய்வில், ஏறத்தாழ 6 மீற்றர் நீளமான பழந்தோணி ஒன்று நீர் தேங்கிய சேற்றிலிருந்து வெளிப்பட்டது. காகிதத்துக்கும் துணிக்கும் வரட்சியே காவல். எகிப்தின் செங்கடற் கரையிலுள்ள குசைர் அல்-கதீமில் 13ஆம் நூற்றாண்டு வணிகக் குடும்பமொன்றின் அறபுக் கடிதங்கள் கிடைத்தன. இந்தியப் பருத்தித் துணிகளும் கிடைத்தன. அங்கு மழை இல்லாததால் மணல் அவற்றை வைத்திருந்தது.

நம் கரையும் மணல்தான். ஆனால் இது மாரியில் நனையும் மணல். மழைநீரும் காற்றும் தடையின்றி இறங்க, மரமும் ஓலையும் உக்கிப்போகின்றன; உப்பு இரும்பைத் தின்கிறது. மேற்கேயுள்ள வயற்களியோ போகத்துக்குப் போகம் நனைந்து, காய்ந்து, உழவில் புரள்கிறது. 2004 டிசம்பர் 26இல் வந்த சுனாமி, கரையோர மண்ணடுக்குகளைச் சில நிமிடங்களில் அரித்தும் மூடியும் சென்றது.

மண்ணிடம் நம் மூத்தவர்கள் எதை ஒப்படைத்தார்கள் என்பதையும் எண்ண வேண்டும். கிடுகு வேய்ந்த, களிமண் சுவர் வைத்த வீடுகளில் வாழ்ந்தார்கள். கபன் துணியுடன் மட்டும் அடக்கப்பட்டார்கள். தாழியும் இரும்பும் கலயமும் வைத்துப் புதைத்த பெருங்கற்காலத்தார் அகழ்வாளர் கண்ணில் படுவதுபோல், எதுவும் வைக்காமல் புதைக்கப்பட்டோர் படுவதில்லை.

ஆகவே, கிடைக்கவில்லை என்பதால் இருக்கவில்லை என்றாகாது. அதேவேளை, சான்றில்லாத இடத்தில் இத்தனை நூற்றாண்டு என்று நாமே எண்ணிக்கை சொல்வதும் முறையன்று. எங்கே தேடுவது என்பதை மாந்தையே காட்டுகிறது. 2009-10 அகழ்வில் அங்கு கி.பி. 600-700 காலத்துக் கரிந்த மிளகும், 900-1100 காலத்துக் கராம்பும் கிடைத்தன. கரிந்த விதையை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் இலகுவில் அழிப்பதில்லை. மட்கல ஓடு பெரும்பாலும் எந்த மண்ணிலும் தாங்கும். நம் வளவுகளிலும் அடுப்புச் சாம்பலும் உடைந்த சட்டியும் இருக்கக்கூடும். கிணறு வெட்டும்போதும் அத்திவாரம் தோண்டும்போதும் அவற்றை நாமேதான் அள்ளி வீசுகிறோம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, கிடைக்கும் தொல்பொருளை அறிவிப்பது கடமை என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது.

சில வாரங்களின் பின் அதே மாணவன் ஓர் ஓட்டுத்துண்டுடன் வந்தான். வளவில் கிணறு வெட்டியபோது கிடைத்ததாம்.

"எத்தனை முழத்தில மகன்? அங்க மண் என்ன நிறம்?"

அவனுக்குத் தெரியவில்லை. மறுநாள் வந்தான். கொப்பியில் ஆழம், மண்ணின் நிறம், பக்கத்தில் கரி இருந்த இடம் எல்லாவற்றையும் படமாக வரைந்திருந்தான். ஓடு எக்காலத்தது என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் வரும்வரை அந்தக் கொப்பியைப் பத்திரப்படுத்தும்படி மட்டும் சொன்னேன்.