கடலில்லா நகரில் கடல் பாடம்: தில்லிப் பள்ளிகளும் செயல்வழிக் கற்றலும்

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கும்படி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991-இல் ஆணையிட்டது. பாடங்கள் வந்தன, பின்னர் என்.சி.இ.ஆர்.டி.யின் ஐந்தாம் வகுப்பு நூலில் தண்ணீரை வைத்துச் செய்து பார்க்கும் சோதனைகளும் இடம்பெற்றன. ஆனால் கடலுக்கு நெடுந்தொலைவில் வாழும் தில்லி மாணவருக்குக் கடல் இன்னும் நிலப்படத்தின் நீல நிறம்தான். கடலோரப் பகுதிகளில் வகுத்த செயல்பாடுகளை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் இக்குறை தீராது. தம் ஊரின் மழையையும் ஆற்றையும் மாணவர்கள் தாமே அளக்க வேண்டும். அளந்ததைச் சந்தேகிக்கவும் வேண்டும். அந்த வழியாகவே தில்லியில் கடலைக் கற்பிக்க முடியும் என்பது என் வாதம்.

தில்லிக்குக் கடல் பருவமழையாக வருகிறது. வங்கக் கடலும் அரபிக் கடலும் தந்த நீராவிதான் ஜூன் இறுதியில் இங்கே பொழிகிறது. 2024 ஜூன் 28 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 228.1 மி.மீ. மழை பதிவானது, ஜூன் மாதம் முழுவதற்குமான சராசரியே ஏறத்தாழ 74 மி.மீ.தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர் நீர். ஆயிரம் சதுர மீட்டர் மொட்டைமாடி உள்ள பள்ளியில் அன்று 2,28,100 லிட்டர் விழுந்திருக்கும். இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்த மாணவி, அவ்வளவு நீரும் எங்கே போனது என்று கேட்காமல் இருக்க மாட்டாள்.

அதே ஆண்டு மே 29 அன்று தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. நாடெங்கும் பரபரப்பு. பிறகு இந்திய வானிலைத் துறை ஆராய்ந்து, உணரியின் பிழையால் 3 டிகிரி கூடுதலாகப் பதிவானதாக அறிவித்தது. தில்லி வகுப்பறைக்கு இதைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. ஒரு கருவி பிழைபட்டது, பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டதால் அது தெரியவந்தது. அதனால் அந்தக் கோடையின் கொடுமை பொய்யாகிவிடவில்லை. இம்மூன்றையும் சேர்த்துப் புரிந்துகொண்ட மாணவரைக் காலநிலை மறுப்பாளர்களும் மிகைப்படுத்துவோரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

செய்முறை என்ற பெயரில் வகுப்பறைகளில் நடப்பது பெரும்பாலும் வேறு: ஆசிரியர் செய்து காட்டுவார், விடை கரும்பலகையில் முன்பே இருக்கும். சாயம் கலந்து உறையவைத்த பனிக்கட்டிச் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் நன்கு உப்புக் கரைத்த தண்ணீர். எதில் பனிக்கட்டி சீக்கிரம் கரையும் என்று முதலில் எழுதச் சொல்ல வேண்டும். உப்பு பனியைக் கரைக்கும் என்று கேள்விப்பட்ட பலர் உப்புநீர் என்றே எழுதுவார்கள். நடப்பது நேர்மாறு. நல்ல தண்ணீரில் சாயம் இழை இழையாக அடிக்கு இறங்கும், வெதுவெதுப்பான நீர் மேலேறிப் பனியைக் கரைக்கும். உப்புநீரிலோ உருகிய நீர் அடர்த்தி குறைந்ததால் மேலேயே தங்கி, குளிர்ந்த போர்வையாகப் பனிக்கட்டியைச் சூழ்ந்துகொள்ளும். கிரீன்லாந்தின் உருகுநீர் அட்லாண்டிக் நீரோட்டத்தைத் தளர்த்தக்கூடும் என்ற அறிவியலாளர் கவலையின் அடிப்படை இந்த டம்ளரில் இருக்கிறது. எழுதிய கணிப்பு பொய்த்த இடத்தில்தான் கற்றல் தொடங்குகிறது.

தில்லி மாணவர்கள் அளக்க வேண்டிய ஆறு யமுனை; அதைப் பற்றி இங்கே விரிக்க இடமில்லை. வஜீராபாத்துக்கும் ஓக்லாவுக்கும் இடையிலான 22 கி.மீ.யில் ஆறு ஏற்கும் கழிவு, பிரயாக்ராஜில் கங்கையோடு கலந்து வங்கக் கடலை நோக்கிப் போகிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ளலாம். மழையாக வந்த நீர் கடலுக்குத் திரும்பும் வழி அது.

இப்படிக் கற்பிப்பதற்கான தடை தேர்வு முறையில் இருக்கிறது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் பங்கேற்றனர். அது தேர்வையும் மாற்றியது: மாணவர்கள் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதினர், சோதனை செய்து காட்டியும் மதிப்பெண் பெற்றனர். 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. ஆயினும் அந்த முறையைத் தில்லிப் பள்ளிகள் இன்றே கையாளலாம். ஒரு மாத மழைப் பதிவை வினாத்தாளில் கொடுத்து, அதில் எந்த நாளின் அளவை நம்பக்கூடாது, ஏன் என்று கேட்டால் போதும். அதற்கு மனப்பாடம் உதவாது.