ரமணாசிரமம் பக்கம் ரெண்டு நாள்: மலையடிவார அமைதியைத் தேடிப் போறவங்களுக்கு ஒரு கைடு!

திருவண்ணாமலைன்னதும் பௌர்ணமி கூட்டமும் கார்த்திகை தீபமும்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா, விசேஷம் எதுவும் இல்லாத ஒரு வார நாள் காலையில ரமணாசிரமம் பக்கம் போய்ப் பாருங்க. கேட்டுக்கு வெளியே செங்கம் ரோட்டில் பஸ் ஹாரன் அலறும். உள்ளே நாலு எட்டு வெச்சா, மயில் அகவுற சத்தம்தான் பெருசா கேட்கும். இந்த அமைதிக்காகத்தான் உலகம் முழுக்க இருந்து இங்கே வர்றாங்க.

சின்ன ஃப்ளாஷ்பேக்

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், 16 வயசுல வீட்டை விட்டுக் கிளம்பி, 1896 செப்டம்பர் 1-ம் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். அவர்தான் பின்னாளில் ரமண மகரிஷி. 1950 ஏப்ரல் 14-ல் மறையும்வரை இந்த மலையை விட்டு அவர் போகவே இல்லை. முதலில் கோயிலிலும் சுற்றுப்புறத்திலும், பிறகு விருபாட்ச குகையிலும், அதன்பின் ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். 1922-ல் அம்மா அழகம்மாள் இறந்தபோது, மலையடிவாரத்தில் சமாதி வெச்சாங்க. அங்கே போட்ட ஓலைக் கொட்டகைதான் இன்றைய ஆசிரமத்தின் தொடக்கம்.

பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் 1934-ல் வெளியிட்ட புத்தகம், இந்த இடத்தை வெளிநாட்டினருக்கு அறிமுகப்படுத்தியது. 1938-ல் எழுத்தாளர் சாமர்செட் மாம் இங்கே வந்து போனார். இன்னிக்கு ஆசிரமத்தைச் சுற்றி இருக்கிற கஃபேக்கள், யோகா போர்டுகள், வாடகை சைக்கிள்கள் எல்லாமே அதன் தொடர்ச்சிதான்.

எப்போ போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். வெயில் இதமா இருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வர்ற சீசனும் இதுதான். ஏப்ரல், மே-ல பாறை மலை அனலைக் கக்கும். பௌர்ணமி, தீபம், மார்கழியில் வர்ற ரமண ஜெயந்தி... அமைதி தேடிப் போறவங்க இந்த நாள்களைத் தவிர்த்துடுங்க. டிக்கெட் போடும் முன்னாடி காலண்டரில் பௌர்ணமி தேதியைப் பார்த்துக்கோங்க.

எப்படிப் போறது?

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியா சுமார் 190 கி.மீ. பஸ்கள் நிறைய இருக்கு. 2024 மே மாசத்திலிருந்து சென்னை கடற்கரையிலிருந்து நேரடி ரயிலும் ஓடுது. பெரிய கோயிலிலிருந்து ஆசிரமம் சுமார் 2 கி.மீ. ஷேர் ஆட்டோ கிடைக்கும். ஆசிரமத்தில் தங்கணும்னா முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்கணும். ரூமுக்குன்னு நிர்ணயித்த கட்டணம் இல்லை. விரும்பினதைக் கொடுக்கலாம்.

ஆசிரமத்துக்குள் என்ன பார்க்கலாம்?

ரமணர் பல வருஷம் உட்கார்ந்திருந்த பழைய ஹாலுக்குள் போய், ஓர் ஓரமா உட்காருங்க. யாரும் உங்ககிட்ட எதுவும் கேட்க மாட்டாங்க. தியானம் தெரியணும்னு கட்டாயம் இல்லை. போனை சைலன்ட்டில் போடுங்க, உள்ளே போட்டோ வேண்டாம். வெளியே வந்தா, லட்சுமிங்கிற பசுவுக்கும், கூடவே காகம், நாய், மானுக்கும் கட்டின சமாதிகளைப் பார்க்கலாம். ரமணர் அவற்றையும் ஆசிரமவாசிகளாத்தான் நினைச்சார்.

மலைப் பாதை

ஆசிரமத்தின் பின்பக்கத்திலிருந்து ஸ்கந்தாசிரமத்துக்குக் கல் பாவின பாதை போகுது. நிதானமா நடந்தா முக்கால் மணி நேரம். வழியில் ஒரு திருப்பத்தில், ஒன்பது கோபுரங்களோட பெரிய கோயில் மொத்தமும் கீழே விரியும். அங்கிருந்து விருபாட்ச குகை வழியா ஊருக்குள் இறங்கிடலாம். காலையிலேயே கிளம்புங்க, தண்ணி எடுத்துக்கோங்க. கையில் தின்பண்டம் தெரிஞ்சா குரங்கு விடாது. பாதை திறந்திருக்கான்னு ஆசிரமத்தில் கேட்டுக்கிட்டுப் போங்க. மலை உச்சிக்கு வனத்துறை அனுமதி கிடையாது. 'ஷார்ட் கட்ல கூட்டிட்டுப் போறேன்'னு யாராவது கூப்பிட்டா, நோ சொல்லுங்க.

இன்னும் அமைதி வேணுமா?

மறுநாள் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் ஆதி அண்ணாமலை வரைக்கும் நடந்து போங்க. 14 கி.மீ. பாதையில் கிட்டத்தட்ட பாதியில் வர்ற கிராமம் இது. மலைக்கு மேற்கே, பெரிய கோயிலுக்கு நேர் பின்பக்கம் இருக்கு. பழைமையான சிவன் கோயில், அதைச் சுற்றி வீடுகள், எதிரே மலை... அவ்வளவுதான். ஊரிலிருந்து பார்த்த மலையா இதுன்னு கேட்கத் தோணும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வடிவம் காட்டுற மலை இது.

ரூம் புக் பண்ணும் முன்...

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலையில் மண் சரிந்தது. அடிவாரத்தில் இருந்த வ.உ.சி. நகரில் ஒரு வீடு புதைந்து, குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தாங்க. சரிவை ஒட்டி வீடுகள் நெருக்கமா ஏறிக்கிட்டே போறதால வர்ற ஆபத்தை, ஊரே நேரில் பார்த்த நாள் அது.

அதனால 'மவுன்டன் வியூ'ன்னு விளம்பரம் வந்தா, அந்தக் கட்டடம் எங்கே நிக்குதுன்னு மேப்பில் பாருங்க. மலையிலிருந்து தள்ளி, சாலை ஓரத்தில் இருக்கிற விடுதியே போதும், அங்கிருந்தும் மலை தெரியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் கனமழை எச்சரிக்கை வந்தா டிரிப்பைத் தள்ளிப் போடுங்க. பிளாஸ்டிக் பாட்டிலை மேலே விட்டுட்டு வராதீங்க. புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வெச்சுட்டுப் போங்க. நீங்க தேடிப் போற அமைதிதான், அங்கே வாழ்றவங்களோட அன்றாடமும்.