சுவரில் மூன்று துளைகள்

அந்தியூரிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரப் பயணம் பவானி கூடுதுறை. அங்குள்ள சங்கமேசுவரர் கோயிலில், வேதநாயகி அம்மன் சந்நிதியை நோக்கிய சுவரில் மூன்று துளைகளை வருவோருக்குக் காட்டுவது வழக்கம். வில்லியம் காரோ என்ற கும்பினிக் கலெக்டர், பிற மதத்தவராகையால் கோயிலுக்குள் நுழைய இயலாமல், அத்துளைகளின் வழியே அம்மனைத் தரிசித்தார் என்பது தலவழக்கு. ஒரு மழை இரவில் சிறுமி வடிவில் வந்த அம்மன் அவரைத் துயிலெழுப்பி வெளியே அழைத்துச் செல்ல, அவர் தங்கியிருந்த மாளிகை இடிந்து விழுந்ததாம். நன்றிக்கடனாக அவர் அளித்த தந்தக் கட்டில் 1804ஆம் ஆண்டுக் குறிப்போடு கோயிலில் இருக்கிறது. கொங்கு நாட்டில் வளர்ந்தவர்கள் இக்கதையைப் பாட்டிமார் வாயால் கேட்டிருப்பார்கள்.

அதே காரோவைப் பற்றிய இன்னொரு கதையைப் பாட்டிமார் சொல்வதில்லை. அது கும்பினி ஆவணங்களில் இருக்கிறது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியின் கைக்கு வந்தது. முதலில் வடக்கு, தெற்கு என்று இரண்டு கலெக்டர்களின் கீழ் இருந்து, பின்னர் ஒரே மாவட்டமாகிக் காரோவின் பொறுப்பில் பத்தாண்டுக்கும் மேலாக இருந்தது. அக்காலத்தில் கலெக்டர் கச்சேரியின் பொக்கிஷத்தைக் கவனித்தவர் காசிச் செட்டி. வசூல் பணமும் கணக்கும் இவர் கை வழியாகவே போயின. மெல்ல மெல்லக் கச்சேரியின் ஊழியர்களே இவர் சொற்படி நடப்பவர்களானார்கள். குடியானவன் கட்டிய தொகை வேறு, கணக்கில் ஏறிய தொகை வேறு என்ற நிலை மாவட்டமெங்கும் ஏற்பட்டது. புகார்கள் பெருகி, தாமஸ் மன்றோவும் ஜான் சல்லிவனும் விசாரணைக்கு அமர்த்தப்பட்டார்கள். உதகையை உருவாக்கியவர் என்று நாமறிந்த அதே சல்லிவன்தான். 1816 அளவில் நடந்த அவ்விசாரணையில் மோசடியின் முழு அளவும் வெளிவந்தது. கலெக்டரின் பாராமுகம் அதற்கு எவ்வளவு தூரம் இடங்கொடுத்திருந்தது என்பதும் கூடவே வெளிவந்தது.

சுவரில் துளையிட்டு அம்மனைக் கண்டவருக்குத் தம் கச்சேரிக்குள் நடந்தது எப்படித் தெரியாமல் போனது? இந்தக் கேள்வி என்னிடம் வந்த வழி சற்று விசித்திரமானது. பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்துகிறவன் நான். அவர்களில் பலர் கோவை, பெங்களூரு, சென்னை என்று மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள். ஆடிமாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவுக்கு ஊர் வரும்போது சந்திப்பார்கள். சம்பளம் பற்றி அதிகம் குறைப்படுவதில்லை. அவர்களின் ஆற்றாமை வேறு. முதுகுக்குப் பின்னால் எப்போதும் யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள். பக்கத்து மேசைக்காரர் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசுகிறார். தாம் செய்யும் வேலை இன்னதென்று அறியாத ஒருவர் அது எத்தனை நாளில் முடியும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்துவிடுகிறார். செய்த வேலையை விட, செய்ததாக எழுதும் மணிக்கணக்குத் தாளுக்கே மதிப்பு. கணினித் துறை தந்த புதிய நோய் இது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். எனக்கு இது கச்சேரியின் பழைய நோயாகவே படுகிறது.

‘கச்சேரி’ என்ற சொல்லே வேடிக்கையானது. வடக்கிலிருந்து அலுவலகம் என்ற பொருளில் வந்து, தமிழில் பாட்டுக்கச்சேரியாகவும் உருமாறிக்கொண்டது. அலுவலகத்தைச் சுற்றியுள்ள சொற்களைப் பாருங்கள். மேசை, அலமாரி, சாவி ஆகியவை போர்த்துகீசியம். குமாஸ்தா, தாசில்தார், ஜமாபந்தி ஆகியவை பாரசீக வழி. நாற்காலி ஒன்றுதான் நம்முடையது. இதனால் பழந்தமிழகத்தில் அலுவலகமே இல்லை என்று ஆகிவிடாது. சோழர் சாசனங்களில் ஒரு நிலதானம் நிறைவேற, அரசன் வாய்மொழியைக் கேட்டவர், ஓலை எழுதியவர், ஒப்பிட்டவர், வரிப்பொத்தகத்தில் பதிந்தவர், முகவெட்டி என்று நீளும் அதிகாரிகளின் வரிசையைப் படிப்பவர்களுக்கு, இன்றைய மின்னஞ்சல்களில் நகல் பெறுவோர் பட்டியல் புதிதாகத் தோன்றாது.

கும்பினிக் கச்சேரி கொண்டுவந்த மாற்றம் தூரம். ஊர்க் கணக்கர் ஓலையில் எழுதியது தாலுகாக் கச்சேரியில் சுருக்கப்பட்டு, மாவட்டக் கச்சேரியில் மேலும் சுருக்கப்பட்டு, சென்னையில் வருவாய் வாரியத்திற்குப் போய், அங்கிருந்து கப்பலில் ஆறு மாதம் பயணம் செய்து இலண்டன் லெடன்ஹால் தெருவை அடைந்தது. ஒவ்வொரு படியிலும் மேலே இருந்தவர் கண்டது கீழே இருந்தவர் எழுதியதை மட்டுமே. வயலைக் கண்டவர் ஊர்க் கணக்கர் ஒருவர்தான். மாவட்டத்திலும் சென்னையிலும் இருந்தவர்களிடம் வந்து சேர்ந்தது தாள். பதிவேடு ஒழுங்காக இருந்தால் மாவட்டமும் ஒழுங்காக இருப்பதாகக் கலெக்டர் கொண்டார். காசிச் செட்டி போன்றவர்களுக்கு அந்த நம்பிக்கையே மூலதனம். காரோ துளையின் வழியாகவே ஆட்சியும் செய்தார் என்று தோன்றுகிறது.

இலண்டன் முனையில் அந்தத் தாள்களை எதிர்கொண்டவர்களில் இலக்கிய வாசகர்கள் அறிந்த ஒருவர் இருந்தார். சார்லஸ் லாம் 1792இல் கும்பினியின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 1825 வரை முப்பத்து மூன்று ஆண்டுகள் அதே கட்டடத்தில் எழுதினார். ஓய்வு பெற்ற உடனே எழுதிய கட்டுரையில், கிடைத்த விடுதலையை என்ன செய்வதென்றறியாமல் தெருக்களில் அலையும் ஒரு குமாஸ்தாவைக் காட்டுகிறார். இன்றைய ‘எலியா’க்கள் வலைப்பதிவில் எழுதுகிறார்கள்.

மேற்பார்வைக்காகக் கட்டடத்தையே வடிவமைக்கலாம் என்ற எண்ணமும் அந்தக் காலத்ததே. நடுவில் ஒருவர் அமர்ந்து சுற்றியுள்ள அனைவரையும் காணும் வட்டக் கட்டடத்தை ஜெரமி பெந்தாமின் சிறைச்சாலைத் திட்டமாகவே நாம் படித்திருக்கிறோம். ஆனால் அதை முதலில் நினைத்தவர் அவருடைய தம்பி சாமுவேல். 1780களில் ருஷ்யப் பேரரசின் கிரிச்செவ் பண்ணையில் தொழிலாளர்களைக் கண்காணிக்க அவர் வகுத்தது அது. பட்டறைக்குப் பிறந்த எண்ணம் பிறகே சிறைக்குப் போனது. பின்னர் 1911இல் ஃபிரெடெரிக் டெய்லர், வேலையைத் துண்டுதுண்டாக்கிக் கடிகாரம் வைத்து அளக்கும் முறையை ‘அறிவியல் மேலாண்மை’ என்று பெயரிட்டு நூலாக்கினார். ஆறாண்டுகளில் வில்லியம் லெஃபிங்வெல் அதை எழுத்தர்களின் மேசைக்குக் கொண்டுவந்தார். மணிக்கணக்குத் தாளின் பாட்டனார்கள் இவர்கள்தாம்.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மனம் கனக்கும் பகுதி ராபர்ட் ப்ராப்ஸ்ட்டின் கதை. ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க மரச்சாமான் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவர். மேசை வரிசைகளில் மனிதர்கள் வாடுவதைக் கண்டு, அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தார். சில நேரம் நின்றும், சில நேரம் அமர்ந்தும், தாள்களைக் கண்ணெதிரே பரப்பியும் வேலை செய்வதே இயல்பு என்று கண்டார். 1964இல் ஜார்ஜ் நெல்சனின் வடிவமைப்பில் வந்த முதல் தொகுதி அழகானது, விலையும் அதிகம், விற்கவில்லை. 1968இல் வந்த இரண்டாம் தொகுதியில் நகர்த்தக்கூடிய தடுப்புகள் இருந்தன. அவற்றை 120 பாகைக் கோணத்தில் விரித்து வைத்தால், அமர்ந்திருப்பவருக்கு மறைவும் கிடைக்கும், வெளியும் தெரியும். வாங்கிய நிறுவனங்களோ தடுப்புகளைச் செங்கோணத்தில் மடக்கிப் பெட்டிகளாக்கின. அதே தளத்தில் மேலும் எத்தனை பேரை அடைக்கலாம் என்பதே அவர்கள் கணக்கு. கட்டடச் சுவரைவிடத் தளவாடத்துக்கு வரிக்கணக்கில் தேய்மானம் விரைவாகக் கழிக்கலாம் என்ற வசதியும் சேர்ந்துகொண்டது. இப்படிப் பிறந்ததுதான் ‘க்யூபிகிள்’. 2000இல் காலமான ப்ராப்ஸ்ட், தம் எண்ணம் அடைந்த கதியைத் தம் இறுதி ஆண்டுகளில் வெளிப்படையாகவே நொந்துகொண்டார். உட்காருபவரை எண்ணி ஒருவர் செய்த நாற்காலியை, எண்ணிக்கை பார்ப்பவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

மென்பொருள் எழுதுவோருக்கு என்ன இடம் வேண்டும் என்பது அத்துறைக்குத் தெரியாததும் அல்ல. 1970களின் இறுதியில் ஐ.பி.எம். நிறுவனம் கலிபோர்னியாவின் சாண்டா தெரசாவில் நிரலாளர்களுக்கென்றே ஓர் ஆய்வகம் கட்டியது. கட்டுவதற்கு முன் அவர்கள் வேலையைக் கவனித்து, ஒருவருக்கு 100 சதுர அடி இடமும் 30 சதுர அடி மேசைப் பரப்பும் ஒலித்தடுப்பும் வேண்டும் என்று முடிவு செய்தார்கள். 1984 முதல் 1986 வரை டாம் டிமார்கோவும் டிமத்தி லிஸ்டரும் 92 நிறுவனங்களின் அறுநூறுக்கும் மேற்பட்ட நிரலாளர்களுக்குப் போட்டி வைத்துப் பார்த்தார்கள். முதல் கால்பகுதியில் வந்தவர்களுக்கு அலுவலகத்தில் சராசரியாக 78 சதுர அடி இடம் இருந்தது. கடைசிக் கால்பகுதியினருக்கு 46. நல்ல நிரலாளர்கள் நல்ல இடமுள்ள நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்கிறார்கள் என்றும் இதற்குப் பொருள் சொல்லலாம். அப்படியானாலும் முதலாளிகள் கவலைப்பட வேண்டிய செய்திதானே? 1975இலேயே ஃபிரெட் ப்ரூக்ஸ், தாமதமான மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் தாமதம் கூடும் என்று தம் ஐ.பி.எம். அனுபவத்திலிருந்து எழுதிவிட்டார். என் மாணவர்கள் சொல்லும் குறைகளில் இந்த மூன்றிலும் இல்லாதது அநேகமாக எதுவுமில்லை.

சென்னைத் தரமணியில் டைடல் பூங்கா 2000இல் திறக்கப்பட்டது. கோவை விளாங்குறிச்சியில் 2010இல். ஒரு காலத்தில் பருத்தி ஆலைகளுக்குப் பேருந்தேறிய ஊரிலிருந்து, பேரப்பிள்ளைகள் சரவணம்பட்டிக்கும் கீரணத்தத்துக்கும் நிறுவனப் பேருந்தேறினார்கள். அதற்குள் உலகம் க்யூபிகிளின் தடுப்புகளையும் குறைக்கத் தொடங்கியிருந்தது. திறந்த கூடம் வைத்தால் கலந்துரையாடல் பெருகும் என்றார்கள். 2018இல் ஹார்வர்டின் ஈதன் பெர்ன்ஸ்டைனும் ஸ்டீபன் டர்பனும் தடுப்புகளை நீக்கிய இரண்டு அலுவலகங்களை அளந்தபோது, நேருக்கு நேரான பேச்சு ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்திருந்தது. எல்லோர் கண்ணும் தன்மேல் இருக்கிறபோது மனிதன் காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு திரைக்குள் ஒடுங்கிவிடுகிறான்.

ஆண்டுதோறும் நடக்கும் ‘அப்ரைசல்’ தனிக்கதை. அந்தியூர்த் திருவிழாவில் கூடும் குதிரை, மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்குத் துண்டுப் பேரம் தெரிந்திருக்கும். துண்டை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் பேசுகிற இருவருக்கும் தெரியும். அப்ரைசலில் துண்டுக்குள் இருப்பவை மேலாளர்களின் விரல்கள் மட்டுமே. ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜாக் வெல்ச் 1980களில் பரப்பிய முறை இது: ஊழியர்களில் இருபது பேர் சிறந்தோர், எழுபது பேர் நடுத்தரம், பத்துப் பேர் கடையர் என்று விழுக்காட்டை முதலில் வகுத்துவிட்டு, பிறகு அதில் ஆட்களை நிரப்புவது. பத்துப் பேரும் நன்றாக வேலை செய்த குழுவிலும் ஒருவர் கடையராகியே தீர வேண்டும். மைக்ரோசாஃப்ட் இதைப் போன்ற தன் முறையை 2013இல் கைவிட்டது. என் முன்னாள் மாணவி ஒருத்தி, தன் குழுவில் ‘இந்த வருஷம் உன் முறை’ என்று மேலாளர் ஆறுதல் சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எந்த நிறுவனம் என்று நானும் கேட்கவில்லை.

2020இல் பெருந்தொற்று வந்தது. அந்தியூரைச் சுற்றிய சிற்றூர்களில், ஓட்டு வீட்டுத் திண்ணைகளில் மடிக்கணினிகள் திறக்கப்பட்டன. அலைபேசிச் சமிக்ஞை தேடி மொட்டை மாடிக்கு ஏறியவர்களும் உண்டு. கொங்கு நாட்டுக்கு வீட்டில் வேலை புதியதல்ல. பவானி ஜமக்காளம் நெய்பவரின் தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. குழிக்குள் கால்வைத்து அமர்ந்தால் மிதிப்பலகை, நாடா, பாவு எல்லாம் கையெட்டும் தூரத்தில். அந்த இடம் நெய்பவரின் உடலுக்கு அளவெடுத்தது. நெசவாளி வாழ்க்கையைப் பொன்னுலகமாக்க நான் விரும்பவில்லை. கூலியும் கடனும் மாஸ்டர் வீவரின் பிடியில் இருந்தன. ஆனால் மாஸ்டர் வீவர் துணியை விரித்துப் பார்த்துத்தான் கூலி கொடுத்தார். நெசவாளி எத்தனை மணிக்குக் குழியில் இறங்கினார் என்று கேட்டதில்லை. அவருக்குத் துணி பார்க்கத் தெரியும்.

மென்பொருள் மேலாளருக்கு அந்த வசதி அமையவில்லை. ஆகவே வீட்டுக்குள்ளும் துளை போடப்பட்டது. அரட்டைச் செயலியில் பெயருக்கருகே எரியும் பச்சைப் புள்ளி. விசைப்பலகை தட்டல்களை எண்ணும் மென்பொருள். சில நிமிடம் சுட்டி அசையாவிட்டால் ‘இருக்கையில் இல்லை’ என்ற அறிவிப்பு. இதற்கு எதிராகச் சுட்டியைத் தானே அசைக்கும் சிறு கருவியையும் விற்கத் தொடங்கினார்கள். பதிவேடு ஒழுங்காக இருந்தால் போதும் என்ற கச்சேரியில், பதிவேட்டை ஒழுங்காக வைப்பதே தொழிலாகிவிடும். காசிச் செட்டிக்கு இது நன்றாகப் புரிந்திருந்தது. பாவம், சுட்டியசைக்கும் இளைஞன் கொள்ளையடிக்கவில்லை. ஒரு தேநீர் குடிக்கப் போகிறான்.

தொற்று தணிந்ததும் மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் பலருக்குத் தம் மேசை இல்லை. காலையில் செயலியில் முன்பதிவு செய்து, கிடைத்த இடத்தில் அமர்ந்து, மாலையில் துடைத்துவிட்டுப் போக வேண்டும். இதற்கிடையில் 2021இல் தமிழக அரசு கடைச் சட்டத்தைத் திருத்தி, துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் நாளெல்லாம் நின்று வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஈரோட்டுக் கடைவீதியில் நிற்கும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அங்கே புடவை எடுத்தவர்கள் அறிவார்கள்.

மன்றோவின் விசாரணை தொடங்கியது பதிவேடுகளில் பிழை கண்டு அல்ல. கீழிருந்து வந்த புகார்களால். மென்பொருள் துறையில் புகாருக்கு வழி எது? தொழிற்தகராறுச் சட்டம் மென்பொருள் ஊழியர்களுக்குப் பொருந்தாது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்கொன்றைத் தொடர்ந்து 2016இல் தமிழக அரசு, 1947ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் உண்டு, சங்கம் அமைக்கத் தடையில்லை என்று தெளிவுபடுத்தியது. சென்ற ஆடியில் வந்த மாணவர்கள் ஏழெட்டுப் பேரிடம் இதைச் சொன்னேன். இருவர் கேள்விப்பட்டிருந்தார்கள். ஒருவன், ‘ஐயா, அதை எங்க ஆபீஸ் லேப்டாப்புல தேடிப் பார்க்கவே பயமா இருக்குது’ என்றான்.