மயங்கிய உடலும் மயங்காத நரம்பும்

1846இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்கம் வெற்றிபெற்றபின், அறுவை அரங்கில் வலி ஒழிந்தது என்றே மருத்துவ உலகம் கருதியது. நினைவில்லாத இடத்தில் வலி ஏது என்பது அதன் தருக்கம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை ஐயுற்றவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகர அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல். ஈதர் நினைவை மட்டுமே போக்குகிறது. கத்தி பட்ட இடத்தில் எழும் நரம்புத் தூண்டல்கள் மயக்கத்திலும் மூளையைச் சென்று தாக்குகின்றன என்று அவர் வாதிட்டார்.

ஆகவே, மயக்கத்தில் இருப்பவருக்கும் வயிற்றுச் சுவரில் நோவோகெய்ன் என்னும் மரப்பு மருந்தைச் செலுத்திய பின்னரே அவர் கத்தியை எடுத்தார். அறுவைக்குப் பிந்தைய வலிக்கென, நெடுநேரம் மரப்புத் தரும் குயினைன்-யூரியா சேர்மத்தையும் பயன்படுத்தினார். 1914இல் வில்லியம் லோயருடன் இணைந்து இம்முறையை நூலாக்கினார்.

தூண்டல்களால் மூளையின் உயிரணுக்கள் களைத்துப்போவதே அறுவை அதிர்ச்சிக்குக் காரணம் என்பது கிரைலின் கோட்பாடு. அது நிலைக்கவில்லை. குருதியும் நீர்மமும் இழக்கப்படுவதன் பங்கை 1930இல் ஆல்ஃபிரட் பிளாலாக்கின் ஆய்வுகள் நிறுவின. நரம்புத் தடுப்பு முறைகள் அதன்பின்னும் வழக்கில் இருந்தன. ஆயினும், முழு மயக்கத்தில் இருப்பவருக்கும் அவை தேவை என்ற வாதம் வலுவிழந்தது.

1983இல் கிளிஃபர்ட் வுல்ஃப், காயத்திலிருந்து வரும் தூண்டல்கள் தண்டுவடத்தையே மிகையுணர்வு கொள்ளச் செய்கின்றன என்பதற்கு எலிகளிடம் சான்று கண்டார். அத்தூண்டல்களை அறுவைக்கு முன்பே தடுப்பதன் தேவையை 1988இல் பேட்ரிக் வால் வலியுறுத்தினார். கிரைலின் கேள்வி வேறொரு விளக்கத்துடன் மீண்டது. ஆனால் மனிதர்களிடம் செய்த ஒப்பீடுகளில், மருந்தைக் கத்திக்கு முன் தருவதா பின் தருவதா என்பது எதிர்பார்த்த அளவுக்கு வேறுபாட்டைத் தரவில்லை. தடுப்பதன் பயன் மட்டும் உறுதியாக நின்றது.

வயிற்றுச் சுவரின் தசை அடுக்குகளுக்கிடையே நரம்புகள் ஓடும் தளத்தில் மருந்தைச் செலுத்தும் முறையை 2001இல் ரஃபி விவரித்தார். குடல் அறுவைக்குப் பின் அது வலியையும் மார்ஃபின் தேவையையும் குறைப்பதை 2007இல் மெக்டானல் குழுவினர் காட்டினர். அல்ட்ராசவுண்ட் துணையால் இன்று ஊசிமுனையின் போக்கைத் திரையில் கண்டபடியே செலுத்த இயலும். எனினும் இம்முறை தணிப்பது சுவரின் வலியையே. உள்ளுறுப்புகளின் வலி வேறு நரம்புவழிகளில் செல்வதால் அதற்குப் பிற மருந்துகள் வேண்டும்.

ஒரு கோட்பாடு வீழும்போது, அதனோடு பிறந்த நல்ல கேள்வியும் கைவிடப்படலாம். இங்கே அதற்கான விலையைக் கொடுத்தவர்கள், மயக்கம் தெளிந்து வலியோடு கண்விழித்த நோயாளிகள்.